உண்ணிக்கு ஒரு கொட்டாங்கச்சி

பத்மகுமார் நயினாருக்குக் கோபமே வராது என்று செஞ்சி பஜாரில் ஒரு பேச்சு உண்டு. நெல் மண்டி வைத்திருக்கிற மனுஷனுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்? வரும். வந்தால் கல்லாவை விட்டு எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவார், அவ்வளவுதான். மூட்டையில் அந்துப்பூச்சி விழுந்தால்கூட மருந்து வைக்க விடமாட்டார். நெல்லை வெயிலில் கொட்டிப் பரப்பி, பூச்சி தானாகப் பறந்து போகட்டும் என்று காத்திருப்பார். நெல் வாங்க வந்தவன் லாரியைப் பார்ப்பான், இவர் பூச்சியைப் பார்ப்பார். மேல்சித்தாமூரைப் பூர்வீகமாகக் கொண்ட சமணக் குடும்பம். அறிந்து ஓர் உயிரையும் கொல்வதில்லை என்பது பரம்பரையாக வந்த பழக்கம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்த வீட்டு நாயின் பெயர் பட்டாணி. நாயை ‘அது’ என்று சொன்னால் அவர் மனைவி ஜெயமாலாவுக்கு முகம் மாறிவிடும் என்பதால் நாமும் ‘அவன்’ என்றே சொல்லிவிடுவோம். மகள் யாழினி திண்டிவனத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் கிடந்த குட்டியைப் புத்தகப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். படிப்பு முடிந்து அவள் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். பட்டாணி அப்பாவிடம் ஒட்டிக்கொண்டான். பால்சோறு, பருப்புச்சோறு, மேலே ஒரு கரண்டி நெய். வெங்காயம், பூண்டு வாசனையே அறியாத நாய். அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும், பட்டாணிக்கும் அப்படித்தான். விளக்கு வைத்தபின் பிஸ்கட்டை நீட்டினாலும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று பத்மகுமார் மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நம்பாதவர்களை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டியதும் உண்டு. நம்மைவிட நம்ம பட்டாணி சுத்த சமணன் என்று சொல்லிச் சிரிப்பார்.

சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் பத்மகுமார் ஒரு கொட்டாங்கச்சியில் ஈரத் துணியைப் போட்டு எடுத்துக்கொண்டு பின்பக்கப் படியில் உட்காருவார். கொட்டாங்கச்சி தரையில் பட்ட சத்தம் கேட்டால் போதும், பட்டாணி எங்கிருந்தாலும் ஓடி வந்து மடியில் தலையை வைத்துக்கொள்வான். காதுக்குள்ளே, விரலிடுக்கில், வால் அடியில் என்று ஒவ்வொரு இடமாக விலக்கி உண்ணி பார்ப்பார். ஒட்டியிருந்தால் அதன்மேல் ஒரு துளி தேங்காயெண்ணெய் விட்டு, அது பிடி தளர்ந்ததும் கால் ஒடியாமல் மெல்லத் திருகி எடுப்பார். உண்ணிக்கும் வலிக்கக்கூடாது, நாய்க்கும் வலிக்கக்கூடாது. எடுத்ததையெல்லாம் கொட்டாங்கச்சியில் போட்டு, கடைசியில் எழுந்து நின்று பின்சுவருக்கு மேலே கையை நீட்டி, அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிற மனையில் அலுங்காமல் கவிழ்ப்பார். பிறகு கை கழுவிக்கொண்டு உள்ளே வருவார். நாள் முழுக்க மண்டியில் நெல் விலைக்கும் ஈரப்பதத்துக்கும் வாதாடிய மனுஷனுக்கு அந்தச் சாயங்கால நேரம்தான் ஆறுதல். இரண்டு பக்கமும் ஓர் உயிரும் நோகவில்லை என்கிற திருப்தியோடு தூங்கப் போவார்.

யாழினி ஒருமுறை சென்னையிலிருந்து வந்தபோது ஒரு சின்ன அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே ஒரு குப்பி. நாயின் பிடரியில் முடியை விலக்கி மருந்தைச் சொட்டு விட்டால் மாதக்கணக்கில் உண்ணி அண்டாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபின் பத்மகுமார் கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டிமேல் இருந்ததைப் படித்தார். உண்ணிகளைக் கொல்லும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பெட்டியைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டார். மறுவாரம் மகள் போனில் கேட்டாள். “போட்டாச்சும்மா” என்றார். பொய் சொல்வதும் அவர் வீட்டு வழக்கமில்லை. ஆனாலும் உண்ணிக்காக ஒரு பொய் சொன்னார், சொல்லிவிட்டு அதை மறந்தும் போனார்.

ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் அவர் கொட்டாங்கச்சியைப் படியில் வைத்தார். சத்தம் கேட்டும் பட்டாணி வரவில்லை. சுவரோரம் குளுமையான மண்ணில் படுத்தபடி வாலை மட்டும் ஒருதரம் ஆட்டினான். கிட்டப் போய்த் தொட்டால் காது கொதித்தது. வெயில் தாக்கியிருக்கும் என்று நினைத்தார்கள். கோட்டை மலைப் பாறையெல்லாம் பகலில் காய்ந்து ராத்திரியில் அனலை விடுகிற ஊர், ஆவணியிலும் வெயில் அடங்காது. மறுநாளும் அவன் எழவில்லை. நெய்ச்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் கீழே வைத்துக்கொண்டான். ஜெயமாலா பயந்துபோய், மண்டியைச் சாத்திவிட்டு ஆட்டோ பிடிக்கச் சொன்னாள்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் அமலா இருந்தாள். யாழினியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பட்டாணியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள், ஈறு வெளுத்திருந்தது. புரட்டிப் பார்த்தாள், அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள். காது நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

“உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தையே அழிச்சிக்கினு இருக்குது. ஒடம்புல உண்ணி நெறைய இருக்குமா சார்?”

“இருக்கும். தெனம் நானே எடுத்துருவேன்.”

“எடுத்து இன்னா பண்ணுவீங்க?”

பத்மகுமார் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பெருமையோடு பலபேரிடம் சொன்ன விஷயம்தான், இங்கே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பின்னாடி மனையில வுட்டுருவேன். உயிரோட.”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்திருப்பார். அவள் பொறுமையாக விளக்கினாள். ரத்தம் குடித்துப் பெருத்த உண்ணி தானாகவே நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலோ மண்ணிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். குஞ்சு பொரித்ததும் அவை சுவர் ஏறிப் பக்கத்தில் எந்த நாய் இருக்கிறதோ அதன்மேல் தொற்றும். ஓர் உண்ணிக்குள் காய்ச்சல் கிருமி இருந்தால் போதும். பிடரியில் விடுகிற சொட்டு மருந்து எதுவும் போட்டீர்களா என்று கேட்டாள். அவர் இல்லையென்று தலையசைத்தார். ஜெயமாலா திரும்பி அவரைப் பார்த்தாள். மகளிடம் போட்டாயிற்று என்று சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

“நீங்க வுட்டது எதுவும் சாவல சார்” என்றாள் டாக்டர். “பெருகியிருக்குது.”

ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தாள். காலையும் ராத்திரியும் வயிற்றில் சோறு இருக்கும்போது கொடுக்க வேண்டும். முட்டை, ஈரல் ஏதாவது கொடுத்தால் ரத்தம் ஊறும். உடம்பு தாங்காது என்பதால் இப்போதைக்கு உண்ணி மருந்து போட வேண்டாம், கையால் எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வீட்டுச் சுவர், அந்த மனை எல்லாவற்றுக்கும் மருந்து அடித்துவிடுங்கள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எந்த வீட்டிலும் செய்யக்கூடியதைத்தான் சொன்னாள். இவர்கள் வீட்டிலோ அதில் எதையும் செய்யும் வழக்கமில்லை.

மாத்திரையிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுத்தான். சோற்றோடு கொடுக்கலாம் என்றால் சோறு இறங்கவில்லை. விளக்கு வைத்தபின் கொஞ்சம் தெளிந்து கண்ணைத் திறந்து பார்த்தான். அப்போதுதான் பசி எடுக்கிறதோ என்னவோ என்று பத்மகுமார் தயிர்ச்சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினார். தன் வீட்டில் இருட்டியபின் அவர் சோற்றில் கை வைத்தது அதுதான் முதல் தடவை. பட்டாணி அவர் கையை நக்கினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊரையே கூட்டிவந்து காட்டிய வித்தை. “சாப்டுடா, பரவால்லடா, சாப்டுடா” என்று அவர் கெஞ்சிக்கொண்டே இருந்தார். சோற்று உருண்டை கையிலேயே காய்ந்தது.

காலி மனைக்கு அந்தப் பக்கம் அரிகிருஷ்ணன் வீடு. விவசாயக் குடும்பம், தளவானூர் பக்கம் நிலம் வைத்திருக்கிறான், விளைந்த நெல்லை நயினார் மண்டிக்குத்தான் போடுவான். அவன் மனைவி ஷோபனா ஜெயமாலாவை அக்கா என்று கூப்பிடுவாள். ஈரல் விஷயம் கேள்விப்பட்டதும், அக்கா வீட்டில் செய்ய முடியாது, நான் என் வீட்டில் வேகவைத்துத் தருகிறேன், நாயை மட்டும் கொண்டுவாருங்கள் என்று அவளே சொல்லியனுப்பினாள். ஜெயமாலா கணவனைக் கேட்கவில்லை. பட்டாணியை ஒரு பழைய போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மனையைக் குறுக்காகக் கடந்து போனாள்.

பத்மகுமார் பின்படியில் நின்று பார்த்தார். பார்க்காமல் இருக்கலாம் என்று உள்ளே போனவர் மறுபடி வந்து நின்றார். ஷோபனா வீட்டு வாசலில் ஜெயமாலா சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டாணி தலையை மடியில் வைத்திருந்தாள். முட்டை விற்கிற கடைப்பக்கம்கூட ஒதுங்கி நடக்கிறவள், சதுர்த்தசி தவறாமல் விரதம் இருக்கிறவள், ஈரல் துண்டை விரலால் பிய்த்து அவன் வாயருகே கொண்டுபோனாள். என்ன சொல்லிக் கொஞ்சினாள் என்று இங்கே கேட்கவில்லை, உதடு அசைந்துகொண்டே இருந்தது தெரிந்தது. பட்டாணி முகர்ந்தான். அது சாப்பிடுகிற பொருள் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அவள் உதட்டை விலக்கி உள்ளே வைத்தாள், அவன் நாக்கால் வெளியே தள்ளினான். பக்கத்தில் கட்டியிருந்த அவர்கள் நாய் ராஜா சங்கிலியை அறுத்துக்கொண்டு வருவதுபோலத் துள்ளியது. கடைசியில் அந்தக் கிண்ணத்தை ராஜாவுக்குத்தான் வைத்தார்கள். ஜெயமாலா வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அன்றைக்கு அவளைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

சுவருக்கு மருந்து அடிக்கிற காரியத்தில்தான் பத்மகுமார் சறுக்கினார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். சுண்ணாம்பு அடித்தால் போதாதா, வேப்பெண்ணெய் தெளித்தால் ஓடிவிடாதா என்று டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டார். ஒரு பக்கம் பட்டாணி, இன்னொரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் உயிர். அவற்றை அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தவரே அவர்தான். ஜெயமாலாவுக்குப் பொறுமை போனது.

“நீங்க மண்டிக்குப் போங்க” என்றாள். “அரிகிருஷ்ணன வரச் சொல்லிக்கீறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்.”

அவர் போனார். அதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது? வேண்டாம் என்று சொல்லி நிற்கவும் தைரியமில்லை, நானே அடிக்கிறேன் என்று சொல்லவும் தைரியமில்லை. கல்லாவில் உட்கார்ந்து நெல் மாதிரியைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே பொழுதைப் போக்கிவிட்டு வந்தார். வீட்டை நெருங்கும்போதே மருந்து நெடி மூக்கில் ஏறியது. பின்சுவர் அடியில் ஆமணக்கு விதை கொட்டினமாதிரி உண்ணிகள் செத்துக் கிடந்தன. இத்தனை இருக்கும் என்று அவர் நினைக்கவேயில்லை. கைகூப்பி, செத்தவற்றுக்காகப் பஞ்ச மந்திரம் சொல்லத் தொடங்கினார். பாதியில், உள்ளே கிடக்கிறவனுக்காக இன்னும் ஒருதரம்கூடச் சொல்லவில்லையே என்று ஞாபகம் வந்து, தன்மேலேயே எரிச்சல் பொங்க நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் சாயங்காலத்தில் அதே கொட்டாங்கச்சியில் ஈரத் துணி இல்லை, சோப்புத் தண்ணீர்தான். பத்மகுமார் உண்ணியைத் திருகி எடுப்பார். எடுத்தபின் கை அந்தரத்தில் நிற்கும். ஜெயமாலா அவர் விரலிலிருந்து அதை வாங்கித் தண்ணீரில் போடுவாள்.

பட்டாணிக்கு மூக்கில் ரத்தம் வந்தது. டாக்டர் மறுபடி பரிசோதித்துவிட்டு, மாத்திரை வேலை செய்ய இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை அவனிடம் ரத்தம் இல்லை, ரத்தம் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு என்றாள். புதுச்சேரியில் ஏற்றுவார்கள். ஆனால் ரத்தம் கொடுக்க ஒரு நாயை நாமேதான் கூட்டிப்போக வேண்டும். நல்ல பெரிய நாயாக, நோய் இல்லாததாக இருக்க வேண்டும்.

அரிகிருஷ்ணன் அதைக் கேட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“ராஜா கீறான் இல்ல நயினாரே. தடிமாடு மாதிரி. இவன் ரத்தத்துல பாதிய எடுத்தாக்கூட தெரியாது.”

பத்மகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கார் சொல்லியாயிற்று. சென்னையில் யாழினி லீவு சொல்லிவிட்டு நேரே புதுச்சேரிக்கே வந்துவிடுகிறேன் என்றாள். போகிற வழியில் ராஜாவின் ரத்தத்தை ஒருதரம் பார்த்துவிடலாம், அங்கே போய் ஏமாறக்கூடாது என்று டாக்டர் அமலா சொன்னதால் மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தினார்கள். பட்டாணி பின்சீட்டில் ஜெயமாலா மடியில் கிடந்தான். ராஜா காரைவிட்டு இறங்கிய வேகத்தில் அரிகிருஷ்ணனையே இழுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. அதன் துள்ளலைப் பார்க்கப் பத்மகுமாருக்கு மனசு நிறைந்தது. பட்டாணி பிழைத்துவிட்டான் என்றே அவருக்குத் தோன்றியது.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். கண்ணாடியை மாற்றி இன்னொருதரம் பார்த்தாள். நிமிர்ந்தவள் அரிகிருஷ்ணனைப் பார்த்தாளே தவிர, பத்மகுமாரைப் பார்க்கவில்லை.

“இவனுக்கும் இருக்குது. வெளிய தெரியல, அவ்ளோதான். மாத்திரை குடுத்தா சரியாயிடும். ஆனா ரத்தம் எடுக்க முடியாது.”

அரிகிருஷ்ணனுக்குப் புரியவில்லை. நன்றாகத்தானே தின்கிறான், நன்றாகத்தானே ஓடுகிறான் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ராஜாவை அவன் பகலில் அவிழ்த்து விடுவான். அது நேரே காலி மனைக்குப் போய், நயினார் வீட்டுப் பின்சுவர் நிழலில் படுக்கும். நாள் முழுக்க அதுதான் அதற்கு இடம். பத்மகுமார் எத்தனையோ சாயங்காலம் கொட்டாங்கச்சியை நீட்டும்போது ராஜா கீழே படுத்திருப்பதைப் பார்த்து, அதன்மேல் விழாமல் கொஞ்சம் தள்ளிக் கவிழ்த்திருக்கிறார். அவ்வளவு கவனமான மனுஷன்.

“அரி” என்றார். “அது நான் வுட்டதுதான். பட்டாணி மேலருந்து எடுத்த உண்ணிய தெனம் சுவத்துக்கு அந்தப் பக்கம் நான்தான் கவுத்தேன்.”

அரிகிருஷ்ணன் ராஜாவின் கழுத்தைத் தடவினான்.

“அதுவா நயினாரே? நாங்க பூஜை பண்ண தண்ணின்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தோம். அந்த எடத்துல கால் வெக்காதீங்கன்னு ஷோபனா பசங்களுக்குக்கூட சொல்லி வெச்சிக்கீறா.”

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நீங்கள் வேறு நாய் பாருங்கள், நான் ராஜாவை நடத்தியே கூட்டிப் போய்விடுகிறேன் என்று கிளம்பினான். பத்மகுமார் மருத்துவமனை வேப்பமரத்தடியில் நின்று அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். காருக்குள்ளிருந்து ஜெயமாலா, போகலாமா, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

யாழினி பாதி வழியில் பஸ் மாறி செஞ்சிக்கு வந்தாள். போன் சார்ஜ் தீர்ந்து, சார்ஜரைத் தேடி ஃபிரிட்ஜ்மேல் கை விட்டவள் கையில் அந்த அட்டைப்பெட்டி வந்தது. பிரிக்காத பெட்டி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“போட்டாச்சுன்னு சொன்னீங்களே, நைனா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சண்டை போடவில்லை. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பட்டாணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போன் பேசத் தொடங்கினாள். தெரிந்தவர், தெரியாதவர், நாய் வளர்க்கிறவர்களின் வாட்ஸப் குழு என்று ஒன்றையும் விடவில்லை. திண்டிவனத்தில் ஒருவர் தன் லாப்ரடாரைத் தருவதாகச் சொன்னார். எல்லோருக்கும் உயிர் வந்தது. கார் கிளம்பும் நேரத்தில் அவரே கூப்பிட்டு, வீட்டில் பிள்ளைகள் அழுகிறார்கள், சொல்லிப் புரியவைக்கிறேன், நாளைக்குக் காலையில் வாருங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? தன் நாய்க்கு ஊசி குத்த விடாமல் அழுகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். சரி, நாளைக்குக் காலையில் என்று இவர்கள் உட்கார்ந்தார்கள்.

பத்மகுமார் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளே நடந்தார். விசிறினார். பஞ்சை நனைத்து மூக்கைத் துடைத்தார். துடைத்த பஞ்சில் ரத்தம் தண்ணீராக இருந்தது. என் ரத்தத்தை எடுத்து ஏற்ற முடியாதா என்று டாக்டருக்குப் போன் போட்டார். முடியாது என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் கேட்டார். அவளும் கோபிக்காமல், முடியாதுங்க சார் என்றாள்.

வெயில் தாழ்கிற நேரம். சாப்பாட்டு வேளை. யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை. பட்டாணி தலையைத் தூக்கிப் பின்கதவைப் பார்த்தான். கொட்டாங்கச்சி நேரம் அவனுக்கு மறக்கவில்லை. யாழினி அழுதுகொண்டே, அங்கதான் போவணுங்கறான் நைனா என்றாள். பத்மகுமார் அவனை வாரி எடுத்துக்கொண்டு போய்ப் பின்படியில் உட்கார்ந்தார். அவன் எடையே இல்லாமல் இருந்தான். மடியில் தலையை வைத்து, வழக்கம்போலக் காதை அவர் கைப்பக்கம் காட்டினான். அவர் காதை விலக்கிப் பார்ப்பதுபோல விரலால் நீவிக்கொடுத்தார். பார்க்கிறேன்டா, பார்க்கிறேன்டா என்று சொல்லிக்கொண்டே நீவினார். அவன் ஒரு பெருமூச்சு விட்டான். அடுத்ததற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

ஜெயமாலா அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். யாழினி சுவரில் சாய்ந்து நின்றாள். அழுகைச் சத்தம் கேட்டு மனைக்கு அந்தப் பக்கம் அரிகிருஷ்ணன் வெளியே வந்து பார்த்தான். கேட்காமலேயே உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மனைக்குள் இறங்கினான். ராஜாவும் அவன் பின்னாலேயே வந்து, மருந்து அடித்த சுவரோரம், அதன் பழைய இடத்தில் படுத்தது.

பத்மகுமார் தோள் துண்டை எடுத்துப் பட்டாணியைச் சுற்றத் தொடங்கினார். தலைப்பக்கம் சுற்றும்போது காதுக்குள்ளிருந்து ஓர் உண்ணி வெளியே வந்தது. இத்தனை தேடியும் கண்ணில் படாமல் உள்ளே இருந்திருக்கிறது. குடித்துக் குடித்துப் பெருத்து, நகர முடியாமல் நகர்ந்து, உடம்பு ஆறத் தொடங்கியதும் அதை விட்டு இறங்கி அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. சூடு தேடி வந்திருக்கும். அவர் கையை அசைக்காமல் பார்த்தார்.

ஜெயமாலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டாங்கச்சியை எடுத்து நீட்டினாள். நேற்றைய சோப்புத் தண்ணீர் இன்னும் அதில் இருந்தது.

“போடுங்க.”

“இதுக்குள்ள இருக்கறது பட்டாணி ரத்தம்” என்றார் அவர்.

ஜெயமாலா கொட்டாங்கச்சியைப் பின்னால் இழுக்கவில்லை. மற்ற நாள்போல அவர் விரலிலிருந்து அதைத் தானே வாங்கவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மண்வெட்டி மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது. சத்தத்துக்கு ஒருதரம் ராஜா காதை ஆட்டியது. பத்மகுமார் சுவரைப் பார்த்தார், கொட்டாங்கச்சியைப் பார்த்தார். உண்ணி உள்ளங்கை நடுவில் வந்து நின்றது. அந்தக் கையை மூடவும் முடியாமல், கவிழ்க்கவும் முடியாமல் அவர் நாயை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.